முடிக்குரிய காணியும் குடிக்குரிய வாக்கும்
(வன்னி நிலம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு)

அந்நிய ஆட்சி நீங்கிய நாடுகளிலே சனநாயகத்தை அளந்தறிவதற்குப் பொதுவாகக் கையாளப்படும் அளவுகோல் தேர்தலாகும். தேர்தல் குறித்த காலத்தில் நடைபெறுகிறதா, ஆட்சி அமைதியாகக் கைமாறுகிறதா என்னும் வினாக்களுக்கு விடை கண்டதும் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கருதுவோர் பலர். இவ்வளவுகோலின்படி இலங்கையும் இந்தியாவும் உயர்ந்த இடத்தைப் பெறுவன. இலங்கை டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931ஆம் ஆண்டிலேயே சர்வசன வாக்குரிமையைப் பெற்றது. இந்தியா 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பினால் அதனைப் பெற்று 1951-52 பொதுத்தேர்தலிலே நடைமுறைப்படுத்தியது.

ஆயின் குடிமகன் வாக்களிக்கச் செல்லும் நாள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே வருவது. எஞ்சிய நாட்களில் அவன் அரசைச் சந்திக்கும் இடம் கச்சேரியாகும். வாக்களிப்பு நிலையத்திலே நாட்டின் இறைமையிற் பங்குடையவனாக விளங்கும் ஒருவன், கச்சேரி வாசலிலே பெட்டிசம் எழுதுவித்துக் காத்து நிற்கும் மனுதாரனாகிவிடுகிறான். இவ்விரு நிலைகளுக்குமிடையேயுள்ள தூரமே குடியேற்ற நாட்டாட்சியின் எச்சம் எவ்வளவு என்பதைக் காட்டவல்லது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலத்தின் காணி வரலாறு இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். அங்கு காணியே வாழ்வாகவும், காணி பற்றிய ஐயமே அரசியலாகவும் இருந்து வந்துள்ளன.

1. வன்னியும் அதனை நோக்கிய கண்களும்

ஒல்லாந்தர் காலத்தில் வன்னி, வன்னிமைகள் எனப்பட்ட குறுநிலத் தலைவர்களின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அவர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தினர். இவ்வாட்சியைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பது பொருந்தாது. திறையின் சுமை ஈற்றில் குடிகளின்மீதே இறங்கியது. 1782ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் படைநடத்தி வன்னியை நேரடி ஆட்சிக்குட்படுத்தினர். அதன்பின் அப்பகுதியை நிருவகித்த நாகல் என்னும் ஒல்லாந்த அதிகாரி வன்னி பற்றி எழுதிவைத்த குறிப்பு, அந்நாட்டை வருவாய் தரத்தக்க நிலமாக நோக்கிய எழுத்துக்களுள் முற்பட்ட ஒன்றாகும்.

பிரித்தானியராட்சியில் இந்நோக்கு விரிந்த வடிவம் பெற்றது. சிவில் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், குளங்களையும் சனத்தொகையையும் நோய்களையும் வழக்காறுகளையும் தொகுத்துக் கூறும் பெருநூலாகும். இன்றைய ஆய்வாளன் அதனைப் புறக்கணித்தல் இயலாது. எனினும் அது நிருவாகத்தின் தேவைக்காக எழுந்த நூல் என்பது மறக்கற்பாலதன்று. அத்தகைய நூல்களிலே மக்கள் எண்ணப்படுவர், விவரிக்கப்படுவர், இரங்கப்படுவர்; ஆனால் தம் நிலத்தைப் பற்றித் தாமே தீர்மானிக்கத்தக்கவராகக் கருதப்படார். நிலம் பாழ்பட்டது, மக்கள் அருகினர், ஆதலின் அரசு பொறுப்பேற்கவேண்டும் என்னும் நியாயம் அவற்றின் அடித்தளமாக அமைந்துள்ளது.

கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் இதற்கு மற்றொரு சான்று. 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியனைப் பின்னர் கப்டன் வொன் திரிபேர்க் தோற்கடித்தமையை நினைவூட்டவே அக்கல் எழுந்தது. வென்றவனின் புகழுக்காக நாட்டிய கல்லைத் தோற்றவனின் நினைவிடமாக மக்கள் மாற்றிக்கொண்டனர். வவுனியா நகரிலே பண்டாரவன்னியனுக்குச் சிலையும் எழுந்தது. நினைவை மீட்டெடுக்கும் இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆனால் சிலைக்கு மாலையிடும் அரசியல், அவனை வென்றவர்கள் பின்னர் இயற்றிய காணிச் சட்டத்தின் அடிப்படையை வினவியதுண்டா என்பது கேட்கப்படவேண்டிய கேள்வியாகும். நினைவு விடுதலை பெற்ற அளவுக்கு நிலம் விடுதலை பெறவில்லை.

குடியேற்ற ஆட்சியாளரின் கண்கள் மட்டும் வன்னியை இவ்வாறு நோக்கவில்லை. குடாநாட்டு மத்தியதர வர்க்கத்தின் பேச்சிலும் வன்னி நெடுங்காலம் காய்ச்சற்காடாகவும், தண்டனை இடமாற்றம் பெறும் உத்தியோகத்தர் செல்லும் ஊராகவும், குடாநாட்டின் நெருக்கடியைத் தணிக்கவல்ல வெற்றிடமாகவுமே விளங்கியது. 1905இல் இருப்புப்பாதை குடாநாட்டைத் தென்னிலங்கையுடன் இணைத்ததும், இரணைமடுக்குளம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைக்கப்பட்டதும், 1946க்குப் பின் டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா தணிந்ததும் இப்பார்வையைச் சிறிது மாற்றின. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) தண்ணிமுறிப்பை மாந்தர் காதலித்தும் பிணங்கியும் வாழும் ஊராகக் காட்டியபோதுதான், வாசகர் பலருக்கு அப்பெருங்காடு ஒரு நாடாகத் தோன்றியது எனலாம்.

2. ‘யாருமற்ற நிலம்’ என்னும் கற்பிதம்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் இலங்கையின் காணி வரலாற்றில் ஒரு திருப்புமுனை. காடாகவும் தரிசாகவும் குடியிருப்பற்றும் பயிரிடப்படாதும் உள்ள நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று அது அனுமானித்தது. இவ்விடத்தில் ‘மறுதலை நிரூபிக்கப்படும்வரை’ என்னும் தொடரே கவனிக்கற்பாலது. நிலம் தன்னுடையதென்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை; தன்னுடையதென்று குடியானவனே நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கும் சுமை ஆள்வோரின் தோளிலிருந்து ஆளப்படுவோரின் தோளுக்கு மாற்றப்பட்டது.

கோப்பிப் பெருந்தோட்டங்களுக்கு மலைநாட்டு நிலம் தேவைப்பட்ட காலத்தில் எழுந்த இச்சட்டம், வன்னியின் வாழ்க்கை முறைக்கு முற்றிலும் ஒவ்வாதது. வன்னிக் கிராமம் என்பது வீடும் வயலும் மட்டுமன்று. வயலுக்கு நீரூட்டும் குளம், குளத்துக்கு நீர் சேர்க்கும் காடு, மாடு மேயும் தரவை, சில ஆண்டுகள் பயிரிட்டுப் பின் ஆறவிடும் சேனை, தேனும் விறகும் தரும் காடு ஆகிய யாவும் சேர்ந்ததே கிராமம். ஆறவிடப்பட்ட சேனை வெளியாரின் கண்ணுக்குக் கைவிடப்பட்ட நிலமாகத் தோன்றும். கிராமத்தானுக்கோ அது அடுத்த முறை வெட்டவேண்டிய நிலம். எழுத்தில் உறுதி உடையது வயலின் ஒரு பகுதி மட்டுமே. எஞ்சியவற்றின் உறுதி ஊராரின் நினைவில் இருந்தது. சட்டமோ தாளைக் கேட்டது.

1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டமும், 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டமும், 1931ஆம் ஆண்டின் காணித் தீர்வுக் கட்டளைச் சட்டமும் இதே அனுமானத்தை வெவ்வேறு முறைகளில் நிலைநிறுத்தின. தனியார் இருவருக்கிடையே எழும் பிணக்கில், பத்தாண்டுகள் இடையறாது தன்பொருட்டு ஆண்டு அனுபவித்தவன் அந்நிலத்துக்கு உரிமை கோரலாம் என 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் கூறுகிறது. அப்பத்தாண்டுக் கணக்கு அரசுக்கெதிராகச் செல்லாது. நீண்டகாலம் குடியிருந்தோருக்குச் சில சலுகைகள் வழங்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் சலுகை வேறு, உரிமை வேறு. சலுகையைக் கேட்பவன் முதலில் தலை வணங்கவேண்டியவனாகிறான்.

3. பெயர் மாறியது, அனுமானம் மாறவில்லை

சுதந்திரத்தின் முன்னரே சுதேச மந்திரிகளின் முயற்சியால் எழுந்தது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். நிலமற்ற விவசாயிக்கு நிலம் வழங்குவது அதன் நோக்கம். அந்நோக்கத்தின் பயனை வன்னி கண்டது. இரணைமடு, முத்தையன்கட்டு, விசுவமடு ஆகிய இடங்களில் நிலம் பெற்றோர் காட்டை வெட்டிக் கழனியாக்கினர். 1970-77 காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியபோது மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டுப் பலர் நிமிர்ந்தனர். இவ்வளவும் அச்சட்டத்தின் சார்பிற் கூறவேண்டியவை.

ஆனால் அச்சட்டம் வழங்கியது முழுமையான உரித்தன்று. அனுமதிப்பத்திரமும் அளிப்புப்பத்திரமும் பெற்றவன் அதிகாரியின் இசைவின்றி நிலத்தை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. நிலம் துண்டுபடலாகாதென்று, விருப்பாவணம் இல்லாதவிடத்து ஒருவரே அதனைப் பெறும் வகையில் வாரிசு முறை வகுக்கப்பட்டது. அம்முறை மகளுக்கு முன் மகனை வைத்தது. மறுமணம் செய்த விதவை தன் அனுபவ உரிமையை இழந்தாள். போரின் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பெருகிய வன்னியில் இவ்வேற்பாடு எத்துணைக் கொடுமையானது என்பது விளக்கவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே ஆண்பாலுக்கு முதலிடம் தந்த வரிசையை நீக்கியது. விவசாயியைச் சிறுபிள்ளையாகக் கருதிக் காப்பாற்ற முற்படும் இத்தந்தைமை மனப்பாங்கு, அந்நியரிடமிருந்து சுதேசத் தலைவர்கள் பெற்றுக்கொண்ட மரபுச் செல்வங்களுள் ஒன்றாகும்.

1972ஆம் ஆண்டிலே இலங்கை குடியரசாயிற்று. முடிக்குரிய காணி அரச காணி எனப் பெயர் பெற்றது. குடியரசு என்பது குடிகளின் அரசு. எனின், முடியின் நிலம் அன்றே குடிகளின் நிலமாயிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின்படி, ஒரு காணி அரச காணியென்றும் அதில் ஒருவர் அதிகாரமின்றி இருக்கிறாரென்றும் தகுதிவாய்ந்த அதிகாரி கருதினால் அவரை வெளியேறுமாறு அறிவிக்கலாம். அவர் வெளியேறாவிடின் நீதவான் நீதிமன்றம் செல்லலாம். அங்கே அவர் காட்டக்கூடிய ஒரே எதிர்வாதம், அரசு வழங்கிய செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்திலான அதிகாரம் தன்னிடம் உண்டு என்பதே. அதிகாரியின் கருத்துக்கு ஆதாரம் கேட்க நீதவானுக்கு அதிகாரமில்லை.

1840ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆக்கியது மக்களால் தெரிவுசெய்யப்படாத ஆட்சி. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆக்கியது சர்வசன வாக்குரிமையினால் அமைந்த பாராளுமன்றம். பின்னையது முன்னையதிலும் கடுமையானதாக அமைந்தமை, தேர்தலே சனநாயகத்தின் முழுமை எனக் கொள்வோர் சிந்திக்கவேண்டிய உண்மையாகும்.

4. போருக்குப் பின் தாளைத் தேடிய மக்கள்

1984ஆம் ஆண்டின் இறுதியில் தண்ணிமுறிப்பு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய எல்லைக் கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மணலாறு வெலிஓயா என்னும் பெயரில் குடியேற்றப் பகுதியாயிற்று. ‘நிலக்கிளி’ நாவலின் களம் அதன் வாசகர் உயிருடனிருக்கும்போதே மாந்தரற்றுப் போயிற்று. 1990இன் பின் வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்திலும் அரசாங்கக் கச்சேரிகள் இயங்கின. ஒரே நிலத்தில் இரு நிருவாகங்கள் நடந்தன. அவற்றின் பகை எத்தகையதாயினும், நிலம் மேலிருந்து வழங்கப்படும் பொருள் என்னும் எண்ணத்தில் இரண்டும் வேறுபட்டிருந்தனவெனக் கூறுதல் கடினம்.

2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபோது மூன்று இலட்சத்தை அண்மிய மக்கள் வவுனியா மாவட்டத்தின் முகாம்களில் அடைபட்டனர். அவற்றுட் பெரியதாகிய மனிக்பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து இறுதியாக வெளியேறியோருள் கேப்பாப்புலவு மக்களும் அடங்குவர். அவர்கள் சொந்தக் காணிக்குச் செல்லவில்லை. காணி படையினரிடம் இருந்தமையால் வேறோரிடத்தில் மாதிரிக் கிராமத்தில் இருத்தப்பட்டனர். 2017ஆம் ஆண்டில் பிலவுக்குடியிருப்பு மக்கள் படைமுகாம் வாயிலில் இரவு பகலாக அமர்ந்து தம் காணியை மீட்டனர். 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் தாமே படகேறித் தம் தீவிற் சென்றிறங்கினர். இவ்விரண்டிலும் நிலத்தை மீட்டது பாராளுமன்ற உரையன்று, பெண்கள் முன்னின்ற மக்களின் உறுதிப்பாடே என்பது அரசியல் மாணவர் கருத்திற் கொள்ளவேண்டியது.

இவற்றின் தொடர்ச்சியாகவே 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தலை நோக்குதல் வேண்டும். காணித் தீர்வுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான அவ்வறிவித்தல் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைப் பற்றியது. முல்லைத்தீவில் 1,700 ஏக்கரும் கிளிநொச்சியில் 500 ஏக்கரும் கடந்த பரப்பு அதனுள் அடங்கியது. மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடின் அக்காணிகள் அரசுக்குரியனவாக வெளிப்படுத்தப்படும் என்பதே அதன் சாரம். எதிர்ப்பு எழுந்தது. 2025 யூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது.

அரசாங்கத்தின் சார்பிற் கூறப்பட்ட நியாயம் முற்றிலும் வெறுமையானதன்று. காணித் தீர்வு என்பது உரித்துப் பற்றிய ஐயத்தை அகற்றி, உரியவருக்கு உறுதியான பத்திரம் வழங்கும் முறையுமாகும். அமைதியான காலத்தில், ஆவணங்கள் பேணப்பட்ட ஊரில், அதனால் நன்மை விளையலாம். ஆனால் பலமுறை இடம்பெயர்ந்து, இறுதியில் உடுத்த உடையுடன் முள்ளிவாய்க்காலைக் கடந்த மக்களிடம் மூன்று மாதத்தில் உறுதியைக் கொண்டுவா என்பது எத்தகைய நீதி? உறுதி எரிந்தது, உறுதியில் பெயருள்ளவர் இறந்தார் அல்லது காணாமலாக்கப்பட்டார், பிள்ளைகள் கடல்கடந்து சென்றனர். போரினால் தாளிழந்தவனைத் தாளில்லாதவன் என்று கூறி நிலமிழக்கச் செய்வது, 1840ஆம் ஆண்டின் அனுமானம் 185 ஆண்டுகளின் பின்னும் உயிருடனிருப்பதன் அடையாளமாகும். அவ்வறிவித்தல் மீளப்பெறப்பட்டது. அதற்கு இடமளித்த சட்டம் மீளப்பெறப்படவில்லை.

5. இந்திய அனுபவம் காட்டும் வழியும் எச்சரிக்கையும்

இந்தியாவிலும் நிலைமை நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. பிரித்தானியர் 1894இல் ஆக்கிய நிலங்கையகப்படுத்தற் சட்டம் சுதந்திரத்தின் பின்னும் அறுபதாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருந்து, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே நீக்கப்பட்டது. அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அச்சட்டத்தினால் வெளியேற்றப்பட்டோர் வாக்காளரே. உலகின் மிகப்பெரிய சனநாயகம் என்னும் பெருமை அவர்களின் குடிசையைக் காக்கவில்லை.

எனினும் 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் இலங்கைக்குப் பாடமாகத் தக்கது. காட்டில் வாழும் பழங்குடியினருக்கும் பிற மரபுவழிக் காடுவாழ்நருக்கும், குடியேற்ற ஆட்சிக்காலத்தில் மட்டுமன்றிச் சுதந்திர இந்தியாவிலும் வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதென்று அச்சட்டமே தன் முகவுரையில் ஒப்புக்கொள்கிறது. தெற்காசியாவிலே ஓர் அரசு தன் சட்டத்தின் வாயிலாகத் தன் தவற்றை இவ்வாறு கூறுதல் அரிது. அதனினும் முக்கியமானது சான்று பற்றிய விதி. உரிமை கோருவோர் தாளை மட்டுமன்றி ஊர் முதியோரின் வாக்குமூலத்தையும் சான்றாகக் காட்டலாம். கிராமசபையே முதற்கண் அதனை ஆராயும். ஒடிசாவின் நியமகிரி மலையில் பொக்சைற்று அகழ்வது பற்றி 2013இல் உச்ச நீதிமன்றம் கிராமசபைகளின் கருத்தைக் கேட்கப் பணித்தபோது, பன்னிரண்டு கிராமசபைகளும் மறுத்தன. அகழ்வு நின்றது.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. உரிமைக் கோரிக்கைகள் பெருந்தொகையாக நிராகரிக்கப்பட்டன. அவ்வாறு நிராகரிக்கப்பட்டோரை வெளியேற்றுமாறு 2019 பெப்ருவரியில் உச்ச நீதிமன்றமே பணித்து, அம்மாதத்திலேயே அப்பணிப்பை நிறுத்திவைத்தது. சட்டம் மாறினும் காட்டிலாகாவின் மனப்பாங்கு எளிதில் மாறுவதில்லை என்பதே இதன் பொருள். ஆயினும் முதியோரின் சொல் சான்றாகும் எனச் சட்டம் கூறியபின், குடியானவன் அதிகாரியின் முன் நிற்கும் நிலை வேறாகிறது. தண்ணிமுறிப்பின் மூதாட்டி ஒருத்தி குளத்தின் வான், குளக்கட்டு, கோயில், சேனை எல்லை ஆகியவற்றைச் சொல்லக்கூடியவளாயின், அச்சொல்லை இலங்கைச் சட்டம் எப்பெறுமதியில் வைக்கும் என்பதே வினா.

6. தமிழ் அரசியல் தன்னைத்தானே நோக்கவேண்டிய இடம்

கொழும்பைக் குறைகூறுவதுடன் இவ்விமரிசனம் முடிவடையின் அது அரைகுறையாகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த சட்டங்களும் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. வவுனியாத் தொகுதியின் உறுப்பினராகவும் மந்திரியாகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம் இப்பிரச்சினையில் அவ்வாண்டே மந்திரிப் பதவியைத் துறந்தார். பின்னர், சிறப்பாக 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின், அம்மக்களுட் பலர் வன்னிக்கு வந்தனர். காந்தியம் அமைப்பு அவர்களுட் பலரை வவுனியாப் பகுதியில் குடியமர்த்தியது. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் அவர்களின் வழிவந்தோர் வாழ்கின்றனர்.

இம்மக்கள் தமிழ் அரசியலின் எண்ணிக்கையில் தமிழராகவும், வன்னியின் காணிப் பட்டியலில் அத்துமீறிக் குடியேறியவராகவும் கணிக்கப்பட்டனர். நீர்ப்பாசன வயல் முந்தி வந்தவருக்கும், மேட்டுநிலமும் கூலிவேலையும் பிந்தி வந்தவருக்கும் ஆயின. காணியதிகாரம் தமிழர் கைக்கு வரவேண்டும் என்னும் கோரிக்கை, வந்தபின் அது எத்தமிழரைச் சென்றடையும் என்னும் வினாவுக்கு விடை கூறியதில்லை. சாதியும் ஊர்ப்பெருமையும் அவ்விடையைத் தாமதப்படுத்தின.

1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து வந்த பதின்மூன்றாம் திருத்தம் காணியை மாகாணசபைப் பட்டியலில் வைத்து, அரச காணியின் உரித்தைக் குடியரசிடமே விட்டது. அது விதந்துரைத்த தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. 2013 செப்டெம்பரில், வட மாகாணசபைத் தேர்தல் நடந்த அதே மாதத்திலேயே, அரச காணி மீதான அதிகாரம் மத்திக்கே உரியதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஐந்தாண்டுகளின் பின், 2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிவுற்றது. மறு தேர்தல் ஆண்டுக்கணக்காகப் பின்போடப்பட்டது. இந்தியா தன் மாநில முறையின் சாயலை இலங்கைக்கு அளித்தது. அதன் உயிராகிய அதிகாரப் பகிர்வை அளிக்கும் மனம் கொழும்பிலிருக்கவில்லை. அதேவேளை, இருந்த ஐந்தாண்டுகளில் நிலமற்றோர் விபரத்தை ஊர்தோறும் திரட்டிப் பொதுமக்கள் முன் வைத்தல் போன்ற, அதிகாரம் வேண்டாத பணிகளேனும் முதன்மை பெற்றிருத்தல் வேண்டும்.

முடிவுரை

குடியேற்ற நாட்டாட்சி நீங்கியது எனக் கூறுவதற்குக் கொடி மாறுதல் போதாது. ஆள்வோன் நம்பப்படவேண்டியவன், ஆளப்படுவோன் நிரூபிக்கவேண்டியவன் என்னும் அனுமானம் நீங்குதல் வேண்டும். வன்னியில் அதற்குச் செய்யத்தக்கவை தெளிவானவை. போரினால் ஆவணமிழந்த பகுதிகளில் நிரூபிக்கும் சுமையை அரசே ஏற்றல், ஊர் முதியோரின் சாட்சியத்தையும் பழைய தேர்தல் இடாப்பு, பாடசாலை இடாப்பு முதலியவற்றையும் சான்றாகக் கொள்ளல், 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீதவானின் கையைக் கட்டும் பிரிவுகளை நீக்கல், நிலமற்ற மலையக வழிவந்தோருக்கு நீருடன் கூடிய நிலம் வழங்கல் என்பன அவை. இவற்றுள் எதுவும் நாட்டைப் பிரிப்பதன்று; எதுவும் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதுமன்று. அதே 1840ஆம் ஆண்டுச் சட்டமே மலைநாட்டுச் சிங்கள விவசாயியின் சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் கவர்ந்தது என்பதை அம்மக்களுக்கும் எடுத்துரைத்தல் தமிழ் அரசியலின் கடமையாகும்.

1931இல் வன்னியின் குடியானவன் வாக்கைப் பெற்றான். தான் உழும் நிலத்தில் தான் யார் என்பதற்கு அரசு தரும் விடையை அவன் இன்னும் கச்சேரி வாசலிலேயே எதிர்பார்த்து நிற்கிறான். அவ்விடையை அவனே கூறவும், அதனைச் சட்டம் செவிமடுக்கவும் கூடிய நாளிலேயே அந்த வாக்கு முழுமை பெறும்.